புற்றுநோயை வென்றவர் பக்கவாதத்தில் வீழலாமா?

அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாள். நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள். இரண்டுக்கும் இடையே ஒன்பதே நாள்கள். ஆண்டுதோறும் இவ்விரு நாள்களிலும் பேரணிகள் நடக்கின்றன, துண்டறிக்கைகள் வழங்கப்படுகின்றன, மருத்துவர்கள் தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். முதல் நாளில் நரம்பியல் மருத்துவர்கள் பேசுகிறார்கள். அடுத்த நாளில் புற்றுநோய் மருத்துவர்கள். இரண்டு நாள்களுக்கும் உரிய ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் பெரும்பாலும் எவரும் பேசுவதில்லை. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருக்கும்போதோ, போராடி மீண்ட பிறகோ பக்கவாதத்துக்கு ஆளாகிறவர்தான் அவர்.

நான் மருத்துவன் அல்லன். முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். இந்தப் பொருள் குறித்துப் படிக்கத் தூண்டியது, என்னோடு பணியாற்றிய வரலாற்றுத் துறை நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததுதான். அவருக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஆறரை வாரங்கள் முகத்திலும் கழுத்திலும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிழைத்தார். வாய் சற்றே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சில் குழறல் வந்தது. இருந்தும் மீண்டும் வகுப்புக்கு வந்தார், ஓய்வு பெற்றார், பேரக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். ஐந்தாண்டுகள் கடந்ததும், 'இனி பயமில்லை' என்று மருத்துவமனை கூறிவிட்டது.

எட்டாம் ஆண்டில், ஒரு மாலைப்பொழுதில் அவர் கையிலிருந்த காபித் தம்ளர் நழுவி விழுந்தது. பேச்சு வழக்கத்தைவிடக் குழறியது. களைப்பு என்று சொல்லிப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் வலது கையும் காலும் அசையவில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தபோது ஏறத்தாழ 14 மணி நேரம் ஓடியிருந்தது. "அவர் எப்பவுமே அப்படித்தானே பேசுவார், வித்தியாசமே தெரியலையே சார்" என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார். பக்கவாதத்தின் அடையாளங்களாக நமக்குக் கற்பிக்கப்படுபவை முகக்கோணல், கைத்தளர்ச்சி, பேச்சுக்குழறல். இவற்றில் இரண்டைப் புற்றுநோய் சிகிச்சை அவருக்கு முன்பே கொடுத்திருந்தது. புதிதாக வந்தது பழையதற்குள் மறைந்துகொண்டது.

பரிசோதனையில், மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இடது கழுத்துத் தமனி பெருமளவு சுருங்கியிருப்பது தெரிந்தது. கதிர்வீச்சு பட்ட அதே பக்கம். எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் தமனியை எவரும் பார்த்திருக்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவரிடம் எவரும் சொல்லியிருக்கவும் இல்லை.

பழைய உண்மை

புற்றுநோய்க்கும் ரத்தம் உறைவதற்கும் உள்ள உறவு மருத்துவ உலகுக்குப் புதியதன்று. 1865இல் பாரிஸ் நகர மருத்துவர் அர்மான் துரூசோ, நாளங்களில் காரணமின்றி ரத்தம் உறைவது உள்ளே ஒளிந்திருக்கும் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று தம் விரிவுரையில் விளக்கினார். ஈராண்டுகளில் தம் உடலிலேயே அந்த அறிகுறியைக் கண்டார்; 1867இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். இன்றும் அந்த நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது.

புற்றணுக்கள் ரத்த உறைதலைத் தூண்டும் புரதங்களை வெளியிடுகின்றன. அதனால் ரத்தம் இயல்பைவிட எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. நுரையீரல், கணையம், வயிறு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களில் இது கூடுதல். சிலருக்கு இதய வால்வுகளில் கிருமித்தொற்று ஏதுமின்றியே சிறு உறைகட்டிகள் படிந்து, அவை பெயர்ந்து மூளைக்குச் செல்வதும் உண்டு. படுக்கையில் நீண்ட நாள் கிடப்பது, வாந்தியாலும் உணவு செல்லாமையாலும் உடலில் நீர் வற்றுவது, தொற்று ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. ரத்தப் புற்றுநோயிலோ எதிர்த்திசையில் ஆபத்து வரலாம்: தட்டணுக்கள் குறைந்து, மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும்.

இதன் அளவு என்ன? அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் தரவுகளைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்து, சுமார் 2.8 லட்சம் புற்றுநோயாளிகளை, அதே வயதும் பிற தன்மைகளும் கொண்ட, புற்றுநோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. புற்றுநோய் கண்டறியப்பட்ட ஆறு மாதங்களுக்குள் ரத்த அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள் 3 விழுக்காடு. புற்றுநோய் இல்லாதவர்களில் 1.6 விழுக்காடு. நோய் முற்றிய நிலையில் ஆபத்து அதிகம்; ஓராண்டில் அந்தக் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. அதே ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் புற்றுநோய் கண்டறியப்படுவதற்கு ஐந்து மாதங்கள் முன்பிருந்தே அதிகரிக்கத் தொடங்குவதைக் காட்டியது. நோய்க்குப் பெயர் வைக்கப்படும் முன்பே ரத்தம் அதை உணர்ந்துவிடுகிறது.

70 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு, அவர்கள் பக்கவாதத்தால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களுக்கு உள்ளதைப் போல் இரு மடங்குக்குச் சற்று அதிகம் என்றது. அதற்கும் முன்பு, 1985இல், நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் இறந்த 3,426 புற்றுநோயாளிகளின் உடற்கூறாய்வு முடிவுகள் வெளியாயின. அவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பு இருந்தது. அந்தப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மட்டுமே உயிரோடு இருந்தபோது அறிகுறி தெரிந்திருந்தது.

மருந்தின் மறுபக்கம்

நோய் ஒருபுறம் என்றால், சிகிச்சையும் தன் பங்குக்கு ஆபத்தைச் சேர்க்கிறது. பல புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் ரத்தக்குழாயின் உட்சுவரைப் பாதித்து உறைதலைத் தூண்டக்கூடியது. கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் உருவாவதைத் தடுக்கும் பெவாசிசுமாப், ரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு தமனி அடைப்புக்கும் கசிவுக்கும் வழிவகுக்கலாம். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு உயிர்காக்கும் மருந்தான அஸ்பராஜினேஸ், மூளையின் சிரைகளில் உறைகட்டியை உண்டாக்குவதுண்டு. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான பொனாட்டினிப் தமனி அடைப்புகளை ஏற்படுத்துவது தெரிந்ததால், 2013இல் அமெரிக்காவில் அதன் விற்பனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, பிறகு கடும் எச்சரிக்கைகளுடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

கதிர்வீச்சின் விளைவு மெதுவானது. கழுத்தில் உள்ள புற்றணுக்களைச் சுட்டெரிக்கும் கதிர், வழியிலுள்ள தமனியின் சுவரையும் தொடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சுவர் தடித்து, கொழுப்புப் படிந்து, குழாய் குறுகுகிறது. கழுத்தில் கதிர்வீச்சு பெற்ற, 60 வயதுக்கு உட்பட்ட 367 பேரைத் தொடர்ந்து கண்காணித்து நெதர்லாந்தில் 2002இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு பொதுமக்களுக்கு உள்ளதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் எனக் கண்டது. அன்றைய கதிர்வீச்சு முறைகளைவிட இன்றைய முறைகள் துல்லியமானவை. ஆனாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இதைப் படித்துவிட்டு எவரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அது உறைகட்டி ஆபத்தைச் சிறிதளவு கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டுகள் அதை உட்கொண்டால், பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பொருளாதார மாணவர்களுக்கு முதலாண்டிலேயே கற்பிப்போம்: ஒரு தெரிவின் செலவை மட்டும் பார்க்கக் கூடாது, பயனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று. இங்கே பயன் மிகப் பெரியது. சிறிய ஆபத்தைச் சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாகிவிடாது. அந்த ஆபத்தை நிர்வகிப்பதற்கே அது காரணமாக வேண்டும்.

இழக்கப்படும் மணித்துளிகள்

பக்கவாத சிகிச்சையில் நேரமே மருந்து. மூளைக்குச் செல்லும் பெரிய தமனி ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவர்கள் கணித்துச் சொல்லும் கணக்கு. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை ஆறு மணி நேரத்துக்குள்ளும், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் பலன் தருகிறது.

புற்றுநோயாளியிடம் இந்த நேரம் மூன்று இடங்களில் கசிந்து போகிறது. முதலாவது வீடு. கீமோதெரபி முடித்து வந்தவர் தலைசுற்றுகிறது, கை மரத்துப்போகிறது, பேச முடியவில்லை என்றால், 'மருந்து கொடுத்த களைப்பு' என்றே குடும்பம் எண்ணுகிறது. அப்படி எண்ணுவதில் தவறும் இல்லை. அவர்கள் நாள்தோறும் காண்பது அந்தக் களைப்பைத்தான். இரண்டாவது, சாலை. அவசரம் என்று உணர்ந்தாலும், சிகிச்சை பெற்ற புற்றுநோய் மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று நினைத்து, பக்கத்து ஊரில் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையைத் தாண்டிப் போகிறார்கள்.

மூன்றாவது, அவசரப் பிரிவு. அங்குள்ள இளம் மருத்துவருக்கு முன்னால் ஒரு புற்றுநோயாளி. கடைசியாக எப்போது கீமோதெரபி கொடுத்தார்கள்? தட்டணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு? மூளைக்குப் புற்று பரவியிருக்கிறதா? தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் இருந்தால் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி ஆபத்தாகலாம். உடன் வந்தவருக்கு எதுவும் தெரியாது. கோப்பு வீட்டில் இருக்கும், அல்லது வேறு ஊரில். தயக்கத்தில் நேரம் போகிறது. புற்றுநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த சிகிச்சைகளை மறுக்க வேண்டியதில்லை என்பதும், ஆறு மாதங்களுக்கு மேல் வாழும் வாய்ப்பும் வேறு தடையும் இல்லாத நோயாளிக்கு அந்த ஊசி பயன் தரக்கூடும் என்பதும் அமெரிக்கப் பக்கவாத சங்கத்தின் வழிகாட்டி நெறிகளில் உள்ளன. ஆனால் நெறி இருப்பதும், இரவு இரண்டு மணிக்குத் தேவையான தகவல் கையில் இருப்பதும் வேறு வேறு.

இரு துறைகளும் ஒரு நோயாளியும்

இதை நான் மருத்துவத்தின் தோல்வியாகப் பார்க்கவில்லை. மருத்துவத்துக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் தெரிந்திருக்கிறது. அமைப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் கோளாறு. ஒரு விளைவுக்கான செலவு ஒரு துறையிலும் பயன் இன்னொரு துறையிலும் விழுந்தால், எவரும் அந்தச் செலவைச் செய்ய முன்வர மாட்டார்கள் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. கழுத்துத் தமனியைப் பரிசோதிக்கும் செலவு புற்றுநோய்ப் பிரிவைச் சேர்ந்தது. பக்கவாதம் தவிர்க்கப்பட்டால் மிச்சமாவது நரம்பியல் பிரிவுக்கும் குடும்பத்துக்கும். புற்றுநோய் மருத்துவமனையின் வெற்றி, நோய் திரும்பாமல் எத்தனை பேர் ஐந்தாண்டுகள் வாழ்ந்தார்கள் என்பதால் அளக்கப்படுகிறது. எட்டாம் ஆண்டில் வரும் பக்கவாதம் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

மருத்துவம் சாதாரணச் சந்தைப் பொருளன்று என்று கென்னத் ஆரோ 1963இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். நோயாளிக்குத் தனக்கு என்ன தேவை என்று தெரியாது. தெரிந்தவர் சொல்வதை நம்பியே அவர் இயங்க வேண்டும். கடையில் கேட்டு வாங்குவதைப் போல, 'என் கழுத்துத் தமனியைப் பாருங்கள்' என்று எந்த நோயாளியும் கேட்கப் போவதில்லை. தேவை எழாத இடத்தில் சந்தை எதையும் வழங்காது. பொதுக் கொள்கை நுழைய வேண்டிய இடம் அது.

நம் கொள்கை என்ன செய்கிறது? 2010இல் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. புற்றுநோய், நீரிழிவு, இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் திட்டம் என்பது அதன் பெயர். 2023இல் அது தொற்றா நோய்த் திட்டம் எனப் பெயர் சுருங்கியது. ஒரே பெயர்ப்பலகையில் புற்றுநோயும் பக்கவாதமும் பதின்மூன்று ஆண்டுகள் அருகருகே எழுதப்பட்டிருந்தன. ஆயினும் நடைமுறையில் ஒரு வரிசையில் வாய், மார்பகம், கருப்பை வாய் பரிசோதனை. மற்றொரு வரிசையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். முதல் வரிசையில் நோய் கண்டறியப்பட்டவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டதும், இரண்டாம் வரிசை அவரை மறந்துவிடுகிறது.

காப்பீட்டையும் பாருங்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தமிழ்நாட்டின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு இவை செய்திருக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவை அடிப்படையில் அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி என நடந்து முடியும் சிகிச்சைகளுக்குத் தொகுப்பாகக் கட்டணம் தருபவை. ஆயுஷ்மான் திட்டம் வெளிநோயாளி சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. பக்கவாதம் வந்தபின் மருத்துவமனையில் சேர்ந்தால் லட்சங்கள் கிடைக்கும். வராமல் தடுக்கும் சிறு பரிசோதனைக்குக் கைக்காசுதான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22இல் 39.4 ஆகக் குறைந்திருக்கிறது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கை. பாராட்டத்தக்கதே. எனினும் எஞ்சியிருக்கும் அந்தக் கைச்செலவுக்குத் தயங்கித்தான் தடுப்புப் பரிசோதனைகள் தள்ளிப்போகின்றன.

புள்ளிவிவரமும் இதே வழக்கத்தில் உள்ளது. இறப்புக்கு அடிப்படைக் காரணம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்துக் கணக்கிடுகிறோம். புற்றுநோயாளி பக்கவாதத்தால் இறந்தால், பெரும்பாலும் அது புற்றுநோய் மரணமாகவே எண்ணப்படும். அதுவும் இறப்புக்கான காரணம் மருத்துவச் சான்றோடு பதிவாகும் இடங்களில்தான்; 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, பதிவான இறப்புகளில் அத்தகைய சான்று பெற்றவை 22.5 விழுக்காடு மட்டுமே. எண்ணிக்கையில் வராத நோயாளிக்கு நிதிநிலை அறிக்கையிலும் இடம் கிடைக்காது.

நமக்கு ஏன் கூடுதல் கவலை?

மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரட்டப்பட்டவை. இந்தியாவுக்கு அவை அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் நிலைமை அதைவிட இலகுவாக இருக்கும் என நம்பக் காரணம் குறைவு. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை அதன் தாய். 2016-17இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் இந்தியாவின் வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர்.

இதே புகையிலை பக்கவாதத்துக்கும் தாய். ஆகவே வாய்ப் புற்றுநோயோடு வருபவரின் ரத்தக்குழாய்கள் கதிர்வீச்சுக்கு முன்பே நலிந்திருக்க வாய்ப்பு அதிகம். பலருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கண்டறியப்படாமலே இருக்கும். அதன்மேல் கதிர்வீச்சு கழுத்தில் விழுகிறது. மேலை நாடுகளைவிட நம் நாட்டில் தலை, கழுத்துப் புற்றுநோயின் பங்கு பெரிது. எனவே கழுத்தில் கதிர்வீச்சு பெற்று உயிர் பிழைத்தவர்களின் கூட்டமும் பெரிது. சிகிச்சை முன்னேற முன்னேற அந்தக் கூட்டம் வளரும். நாம் வரவேற்க வேண்டிய வளர்ச்சி அது. அதற்கு ஆயத்தமாகவும் வேண்டும்.

செய்யக்கூடியவை

எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் என்று கேட்பது பொறுப்பற்ற யோசனை. பக்கவாதம் வந்த ஒவ்வொருவரையும் புற்றுநோய் தேடி ஸ்கேன் எடுப்பது வீண் செலவு மட்டுமல்ல, வீண் அச்சமும்கூட. காரணம் புலப்படாத பக்கவாதம், மூளையின் பல பகுதிகளில் ஒரே சமயத்தில் அடைப்பு, விளக்கமில்லாத எடையிழப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் மட்டுமே மருத்துவர் அந்தத் திசையில் பார்ப்பது நியாயம். நான் முன்வைப்பவை செலவு குறைந்த ஐந்து காரியங்கள்.

முதலாவது, புற்றுநோய் சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு கையடக்க அட்டை. நோயின் பெயர், கொடுக்கப்படும் மருந்துகள், கடைசி கீமோதெரபி நாள், கடைசித் தட்டணு எண்ணிக்கை, கதிர்வீச்சு பட்ட இடம், புற்றுநோய் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். அட்டையின் பின்புறம் பக்கவாத அறிகுறிகளும், '108ஐ அழையுங்கள், ஸ்கேன் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்' என்ற ஒரு வரியும் போதும். ஏற்கெனவே முகக்கோணலோ குழறலோ உள்ளவர்களின் குடும்பத்துக்கு, 'நேற்று இருந்ததிலிருந்து இன்று மாறினால் அவசரம்' என்று தனியாகச் சொல்லித் தர வேண்டும்.

இரண்டாவது, கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தமனிப் பரிசோதனை. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி நெறி, தலை, கழுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுகள் கழித்து ஒருமுறையும், அதன்பின் ஐந்து முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் மூலம் கழுத்துத் தமனியைப் பார்க்கப் பரிந்துரைக்கிறது. கழுத்தில் களிம்பு தடவிச் சற்று நேரத்தில் முடிந்துவிடும், வலியில்லாத பரிசோதனை அது. தமிழ்நாட்டுக் காப்பீட்டுத் திட்டத்தில் சில நோயறி பரிசோதனைகளும் தொடர் சிகிச்சைத் தொகுப்புகளும் ஏற்கெனவே உள்ளன. அந்தப் பட்டியலில் இதையும் சேர்ப்பது கடினமான காரியம் அன்று.

மூன்றாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தரும் அந்த ஊழியர்களின் பட்டியலில், புற்றுநோய் சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவர்களின் பெயர்களையும் சேர்க்கலாம். பக்கவாதத்தைத் தடுப்பதில் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுக்கு இணையான மலிவான ஆயுதம் வேறில்லை.

நான்காவது, மாவட்ட மருத்துவமனைகள். 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை, மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமையும் என்றும், முதலாண்டில் 200 மையங்கள் வரும் என்றும் அறிவித்தது. பயணச் செலவும் அலைச்சலும் குறையும் என்பதால் மிக நல்ல முடிவு. ஆனால் காலையில் கீமோதெரபி பெற்று மாலையில் கிராமத்துக்குத் திரும்பும் நோயாளிக்குச் சிக்கல் வந்தால், அது வீட்டில்தான் வரும். எனவே மையத்தைத் திறக்கும்போதே, அதே வளாகத்தில் இருக்கும் ஸ்கேன் பிரிவோடும் அவசரப் பிரிவோடும் அதை இணைக்கும் நடைமுறை எழுதப்பட வேண்டும். கட்டடம் எழும்பிய பின் இணைப்பது எப்போதும் கூடுதல் செலவு.

ஐந்தாவது, நமக்கென்று எண்கள். பெங்களூருவில் உள்ள தேசிய நோய்த் தகவலியல், ஆராய்ச்சி மையம் புற்றுநோய்ப் பதிவேடுகளையும் பக்கவாதப் பதிவேடுகளையும் நடத்துகிறது. நாட்டில் மக்கள்தொகை அடிப்படையிலான பக்கவாதப் பதிவேடு தொடங்கப்பட்ட ஐந்து இடங்களில் திருநெல்வேலியும் ஒன்று. புற்றுநோய்ப் பதிவு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. தனிநபர் அடையாளங்களைக் காத்து, திருநெல்வேலியின் இரு பதிவுகளையும் பொருத்திப் பார்த்தால், நம் மண்ணில் புற்றுநோயாளிகளுக்கு எப்போது, எந்தச் சிகிச்சைக்குப் பின் பக்கவாதம் வருகிறது என்பது தெரியவரும். அமெரிக்க ஆய்வுகள் செய்ததும் இதைத்தான்: தனித்தனியே கிடந்த இரண்டு ஏடுகளைச் சேர்த்துப் படித்தன.

மருத்துவர்கள் ஏற்கெனவே தாங்க முடியாத கூட்டத்தைச் சமாளிக்கிறார்கள், இதையும் அவர்கள் தலையில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி மருத்துவர் செய்ய வேண்டியதன்று; செவிலியர், சமூகநலப் பணியாளர், களப்பணியாளர் செய்யக்கூடியது. சிகிச்சை முடிந்து அனுப்பும்போது கொடுக்கும் அறிக்கையில் ஒரு பத்தி கூடினால் போதும். மறுபக்கத்துச் செலவையும் பாருங்கள். பக்கவாதத்தில் முடங்கிய ஒருவரைப் பார்த்துக்கொள்ள, பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண் ஒருவர் தம் வேலையையும் உறக்கத்தையும் உடல்நலத்தையும் கொடுக்கிறார். அந்த உழைப்புக்குச் சந்தையில் விலை இல்லாததால் எந்த அரசுக் கணக்கிலும் அது ஏறுவதில்லை. ஏறியிருந்தால், தமனிப் பரிசோதனையின் செலவு அற்பமாகத் தெரிந்திருக்கும்.

என் நண்பர் உயிரோடு இருக்கிறார். வலது கை திரும்பவில்லை. கல்வெட்டுகளைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்த நூல் பாதியில் நிற்கிறது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். சென்ற முறை போயிருந்தபோது, நான் படித்தவற்றை அவரிடம் மெல்லச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அஞ்சு வருஷம் ஆனப்போ இதைச் சொல்லியிருந்தா பாத்திருப்போமே" என்றார். வார்த்தைகள் தெளிவாக வரவில்லை. அவர் மனைவிதான் எனக்கு எடுத்துச் சொன்னார்.

ஆண்டுதோறும் புற்றுநோயிலிருந்து மீண்டு, 'இனி பயமில்லை' என்ற சொல்லோடு மருத்துவமனை வாசலைத் தாண்டும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்தச் சொல்லோடு சேர்த்து இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது: "ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐந்தாண்டுகள் கழித்துக் கழுத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், பேச்சோ நடையோ திடீரென மாறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்." அதைச் சொல்வதற்குப் புதிய மருந்தோ புதிய கண்டுபிடிப்போ வேண்டியதில்லை.